புளியமரத்தை வெட்டுவதா, ஓடையை நகர்த்துவதா?

வாசகர் கேள்வி: "வணக்கம் சார். நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். எங்கள் தெரு மெயின் ரோட்டில் சேரும் இடத்தில் பெரிய புளியமரம் ஒன்று நிற்கிறது. நெடுஞ்சாலைத்துறை அதில் எண் எழுதியிருக்கிறது. நெஞ்சு உயரத்தில் நூல் பிடித்து அளந்தேன், சுற்றளவு 9½ அடி. ஒக்கி புயலில் இதற்கு அடுத்து நின்ற புளி சாய்ந்து பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவரை உடைத்தது. அதிலிருந்து மழைக்காலம் வந்தாலே பயம்தான். இப்போது மழைநீர் ஓடை கட்டப் போகிறார்கள். மரத்திலிருந்து 4 அடி தள்ளி, மேற்குப் பக்கமாகச் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறார்கள். 'எப்படியும் மரம் நிற்காது, வெட்ட எழுதிக் கொடுங்கள், இல்லையென்றால் மொட்டையாவது அடித்துவிடலாம்' என்று குடியிருப்போர் சங்கத்தில் பாதிப் பேர் சொல்கிறார்கள். மீதிப் பேர் கையே வைக்கக்கூடாது என்கிறார்கள். நான் செயலாளர் என்பதால் இரண்டு பக்கமும் என்னிடம்தான் வருகிறார்கள். சங்கத்துப் பூங்காவில் ஒரு தூங்குமூஞ்சி மரம் வேறு இருக்கிறது. அதன் ஒரு கொப்பு குழந்தைகள் ஊஞ்சலுக்கு நேர் மேலே நீண்டு நிற்கிறது. என்ன செய்யலாம்? ஒருவேளை வெட்டினால் பதிலுக்கு என்ன நடலாம்? படங்கள் அனுப்பியிருக்கிறேன்."

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு, வணக்கம்.

நூல் பிடித்து அளந்து எழுதினீர்களே, அதற்கு முதலில் நன்றி. மரத்தைப் பற்றிக் கேட்டு எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் "பெரிய மரம்" என்பதோடு நிறுத்திவிடுவார்கள். அந்த 9½ அடி என்ற ஒரு கணக்கு கையில் இருந்தால் உங்கள் கேள்வியில் பாதிக்குப் பதில் கிடைத்துவிடும்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். நீங்கள் அனுப்பிய படங்களில் தெரிகிற அளவுக்கு, அந்தப் புளியை வெட்டுவதற்கான காரணம் எதுவும் என் கண்ணில் படவில்லை. நுனிக்கொப்பு வரை இலை இருக்கிறது. பட்டுப்போனவை சிறு கொப்புகள் ஒன்றிரண்டுதான். என்னைக் கவலைப்படுத்துவது அந்தச் சுண்ணாம்புக் கோடு. ஓடை அந்தக் கோட்டில் போனால், இன்றைக்கு நன்றாக நிற்கிற மரம் அடுத்த மழைக்குள் உண்மையாகவே பயப்பட வேண்டிய மரமாக மாறிவிடும். ஆகவே உங்கள் சங்கம் முதலில் எழுத வேண்டிய மனு ஓடையை நகர்த்தச் சொல்லும் மனு. மரத்தைப் பற்றிய முடிவு அதற்குப் பிறகுதான்.

ஏன் என்று சொல்கிறேன். மரம் மேலே எவ்வளவு உயரமோ கீழேயும் அவ்வளவு ஆழம் வேர் போகும் என்று நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். புளிக்கு ஆணிவேர் உண்டு, உறுதியான மரம், காற்றைத் தாங்குவதில் நம் ஊர் மரங்களிலேயே முன்வரிசையில் நிற்கும். ஆனாலும் வளர்ந்த மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், 2 அடி ஆழத்துக்குள்தான் பக்கவாட்டில் ஓடும். வேருக்கும் மூச்சுக்காற்று வேண்டும், ஆழத்தில் அது கிடைக்காது. கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் சரள்மண்ணில் கொஞ்சம் தோண்டினாலே கெட்டியான வெட்டுக்கல் தட்டுப்படும் இடங்களில் வேர் இன்னும் மேலேயே ஓடும். பரப்பளவில் பார்த்தால் கொப்புகளின் நிழல் விழும் எல்லையையும் தாண்டிப் போயிருக்கும்.

இந்தப் பக்கவேர்களில் காற்று வரும் பக்கத்தில் இருப்பவற்றுக்குத்தான் வேலை அதிகம். பந்தல் போடும்போது காற்றடிக்கிற பக்கத்துக் கயிற்றை எப்படி இழுத்துக் கட்டுகிறோமோ அதே வேலைதான். அந்தப் பக்கத்துக் கயிறு அறுந்தால் மற்ற மூன்று பக்கமும் கட்டியிருந்து பயன் இல்லை. ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை நம் குமரி மாவட்டத்தில் பலமாக வீசுவது மேற்கிலிருந்து வருகிற காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளைச் சுழற்றுவதும் அதே காற்றுதான். உங்கள் ஓடைக் கோடு மரத்துக்கு மேற்கே போகிறது. இடம் பார்த்து வைத்த மாதிரி, வெட்டவே கூடாத வேர்கள் இருக்கும் பக்கமாகப் போகிறது.

ஒக்கியைச் சொன்னீர்கள். 2017 நவம்பர் 30-ஆம் தேதி அந்தப் புயல் நம் மாவட்டத்தில் கரை ஏறவே இல்லை, தெற்கே கடலோடு போய்விட்டது. அதற்கே ரப்பர் தோட்டங்களும் வாழையும் படுத்துவிட்டன, மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. அந்த நாட்களில் சாலையோரம் சாய்ந்து கிடந்த மரங்களை நான் மூடு மூடாக, அதாவது ஒவ்வொன்றின் அடிப்பகுதியாகப் போய்ப் பார்த்தேன். பல புளியமரங்களில் ஒரே காட்சிதான். பெயர்ந்து செங்குத்தாக நின்ற வேர்த்தட்டில் ஒரு பக்கம் கைத்தடிமனில் வேர்கள் கிழிந்து, மண்ணோடு தொங்கிக்கொண்டிருக்கும். எதிர்ப் பக்கத்தில் வேரே இருக்காது. வாள் வைத்து அறுத்ததுபோல ஒரே நேர்கோட்டில் முடிந்திருக்கும். அந்த வெட்டுவாய் கறுத்துப்போய், விரலால் அழுத்தினால் தூளாக உதிரும். அது புயலில் அறுந்த வேர் அல்ல. எப்போதோ குடிதண்ணீர்க் குழாய்க்கோ கேபிளுக்கோ ஜேசிபியை வைத்துப் பள்ளம் தோண்டியபோது வெட்டுப்பட்டு, வருஷக்கணக்கில் உள்ளுக்குள் அழுகி வந்த வேர். உங்கள் தெருவில் அன்று சாய்ந்த மரத்துக்குப் பக்கத்திலும் அதற்கு முந்தைய வருஷங்களில் பள்ளம் தோண்டினார்களா என்று பழைய ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். "பக்கத்து மரம் விழுந்தது, இதுவும் விழும்" என்ற பயத்துக்குச் சங்கத்தில் பதில் சொல்ல அது உதவும்.

இனி கணக்கு. சுற்றளவை மூன்றால் வகுத்தால் ஏறக்குறைய விட்டம் வந்துவிடும். உங்கள் மரத்துக்கு 3 அடி சொச்சம். விட்டத்தைப் போல மூன்று மடங்கு தூரத்துக்குள், அதாவது 9 அடிக்குள், ஒரு பக்கத்து வேரை முழுக்க வெட்டினால் மரத்தின் நிலைப்பே ஆட்டம் காணும். மரம் தளராமல் இருக்க வேண்டுமானால் பன்னிரண்டு மடங்கு, சுமார் 36 அடி வரை வேரைச் சீண்டாமல் விட வேண்டும் என்பது மரப் பராமரிப்பில் உலகெங்கும் பின்பற்றும் பொதுவான அளவு. நம் தெருக்களில் 36 அடி விடச் சொன்னால் தெருவையே மூட வேண்டியிருக்கும், அது நடக்காது. ஆனால் 9 அடியாவது வேண்டும் என்று நீங்கள் கண்டிப்பாகக் கேட்கலாம். அவர்கள் கோடு போட்டிருப்பது 4 அடியில்.

"ஓடை வேண்டாம் என்கிறீர்களா?" என்று பொறியாளர் கேட்பார். வேண்டும். மழைநீர் தேங்கி மரத்தின் மூடு நாள்கணக்கில் ஊறினாலும் அதே வேர்தான் அழுகும். கேட்க வேண்டியது இதுதான்: ஓடை தெருவின் எதிர்ப்பக்கம் போக முடியுமா? முடியாது என்றால் மரத்துக்கு நேராக வரும் இடத்தில் மட்டும் வளைத்துக்கொண்டு போகலாமா? அதற்கும் இடம் இல்லையென்றால், அந்தக் கொஞ்ச நீளத்துக்குத் திறந்த ஓடைக்குப் பதிலாக வேர்களுக்குக் கீழே துளையிட்டுக் குழாயைச் செலுத்தலாம். சாலையைத் தோண்டாமல் குறுக்கே குழாய் போடுகிறார்களே, அதே முறை. கடைசி வழியாக அந்த இடத்தில் ஜேசிபியை நிறுத்திவிட்டு ஆளை வைத்துத் தோண்டி, கட்டைவிரலை விடத் தடித்த வேர் வந்தால் வெட்டாமல், அதற்கு மேலேயோ கீழேயோ ஓடையை அமைக்க வேண்டும். வேலைக்கு வருகிறவருக்கு இதெல்லாம் தொல்லையாகத்தான் தெரியும். ஜேசிபி அரை மணி நேரத்தில் முடிக்கிற வேலை இரண்டு நாள் ஆகும். ஆனால் அந்த மரம் அந்த உயரத்துக்கு வர இரண்டு தலைமுறை ஆகியிருக்கிறது. எனக்கு இதில் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை, நீங்களும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடுத்து, மரம் இப்போது எப்படி இருக்கிறது என்பதை நீங்களே ஓரளவு சோதிக்கலாம். எல்லோரும் கொப்பைப் பார்த்துத்தான் பயப்படுகிறோம். பார்க்க வேண்டிய இடம் மரத்தின் மூடு. படத்தில் இன்டர்லாக் கல் அடிமரத்தை ஒட்டியே பதித்திருக்கிறது. முதலில் சுற்றிலும் இரண்டு மூன்று வரிசைக் கல்லைப் பெயர்த்து எடுக்கச் சொல்லுங்கள். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே டெல்லி மரங்கள் தொடர்பான வழக்கில் உத்தரவிட்டிருக்கிறது. மனுவில் இதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

கல்லை எடுத்ததும் அடிமரம் மண்ணில் இறங்கும் இடம் விரிந்து, வேர்களாகப் பிரிவது தெரிய வேண்டும். கம்பம் நட்டது மாதிரி நேராக இறங்கினால் ரோட்டை உயர்த்திய ஒவ்வொரு தடவையும் மூட்டில் மண் கொட்டி மூடியிருக்கிறார்கள் என்று பொருள். அந்த மண்ணைக் கையாலும் சிறிய கரண்டியாலும் மெதுவாக விலக்குங்கள், மம்பட்டி வேண்டாம். வேர் பிரியும் இடத்தில் பட்டை ஈரமாக, கறுப்பாக, புளித்த வாடையோடு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மேற்குப் பக்கம் மண்ணில் அடிமரத்தைச் சுற்றி வில் மாதிரி வெடிப்பு இருக்கிறதா, மண் மேடாகத் தூக்கியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மரம் ஏற்கெனவே அசையத் தொடங்கிவிட்டது. பலமாகக் காற்றடிக்கும் நாளில் தள்ளி நின்று கவனித்தால் அந்த வெடிப்பு திறந்து மூடுவதே தெரியும்.

காளானையும் பாருங்கள். மூட்டை ஒட்டி, மேலே செம்பழுப்பாக வார்னிஷ் பூசிய மினுமினுப்போடு, ஓரம் வெள்ளையாகத் தட்டுத் தட்டாக முளைத்திருந்தால் அது கானோடெர்மா. நம் தென்னந்தோப்புக்காரர்களுக்குத் தெரிந்த அதே அடித்தண்டழுகல் காளான்தான். அது வெளியே தெரியும்போது உள்ளே வேர் கணிசமாக அழுகியிருக்கும். அப்போது நான் மரத்தைக் காப்பாற்றச் சொல்ல மாட்டேன்.

பொந்து மட்டும் இருந்தால் உடனே பயப்பட வேண்டாம். வயதான புளி உள்ளே கூடு விழுவது சகஜம். மரத்தின் பலம் வெளிச்சுற்றில் இருக்கிறது. ஆரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு நல்ல மரம் சுற்றிலும் இருந்தால் பொதுவாகத் தாங்கும் என்பது கணக்கு. உங்கள் மரத்துக்கு ஆரம் 18 அங்குலம், ஆக 6 அங்குலம் கெட்டியான மரம் சுற்றிலும் இருந்தால் போதும். பொந்து வெளியே பெரிதாகத் திறந்திருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் தட்டிக்கொண்டே வந்தால், கெட்டியான இடத்துக்கும் கூடான இடத்துக்கும் சத்தத்திலேயே வித்தியாசம் தெரியும். அதற்கு மேல் சோதிக்க வேண்டுமென்றால் கருவி கொண்டுவந்து பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். அப்புறம், அடிமரத்தில் பிளக்ஸ் தட்டி அடித்த ஆணிகளையும், சீரியல் பல்பு கட்டிய கம்பியையும் கழற்றிவிடுங்கள். கம்பி ஒரு சுற்றுச் சுற்றியிருந்தால் மரம் பருக்கும்போது பட்டைக்குள் இறங்கிவிடும்.

மொட்டையடிப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். வேண்டவே வேண்டாம். மரத்துக்குச் செய்கிற தீங்குகளில், நல்லது என்று நம்பிச் செய்கிற தீங்கு இதுதான். தலையை முழுக்க வெட்டினால் மரத்துக்கு உணவு தயாரிக்க இலை இல்லை. சேமிப்பில் இருப்பதை எல்லாம் செலவழித்து, வெட்டிய வாயைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகத் துளிர் விடும். பார்க்கிறவர்கள் "பாருங்கள், எப்படித் தழைக்கிறது" என்பார்கள். அந்தத் துளிர்கள் பட்டைக்கு அடியில் மேலோட்டமாக ஒட்டிக்கொண்டிருப்பவை, கொப்பு மாதிரி மரத்தின் உள்ளே வேரூன்றியவை அல்ல. சில வருஷங்களில் அவை கைத்தடிமனுக்குப் பருத்துவிடும். அதே நேரத்தில் கீழே வெட்டுவாய் வழியாக அழுகல் இறங்கிக்கொண்டிருக்கும். மொட்டையடிக்கும் முன் முறியாத மரம், மொட்டையடித்த சில வருஷத்தில் கொப்பு கொப்பாக முறிவது இதனால்தான். அப்போதும் பழி மரத்துக்குத்தான் போகும்.

புண்ணில் தார், பெயிண்டு பூசுவதும் பலன் தராது. அலெக்ஸ் ஷைகோ என்று அமெரிக்க வனத்துறையில் ஓர் ஆய்வாளர் இருந்தார். ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்து உள்ளே அழுகல் எப்படிப் பரவுகிறது என்று பார்த்தவர். மரம் புண்ணை ஆற்றுவதில்லை, அழுகிய பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு வெளியே புது மரம் வளர்க்கிறது என்று 1970-களில் அவர் எடுத்துக்காட்டினார். மரம் அந்தச் சுவரை எழுப்ப வசதியாக வெட்டுவதுதான் நம் வேலை. கொப்பு அடிமரத்தோடு சேரும் இடத்தில் கழுத்துப்போல ஒரு வீக்கம் இருக்கும். அந்த வீக்கத்தை விட்டுவிட்டு, அதற்கு வெளியே வெட்ட வேண்டும். அடிமரத்தோடு ஒட்டி வழித்தாலும் தவறு, ஒரு முழம் குச்சியாக விட்டாலும் தவறு.

கனமான கொப்பென்றால் மூன்று வெட்டு. முதலில் ஒரு அடி தள்ளிக் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து முழுசாக, கனம் இறங்கிய பிறகு கழுத்துக்கு வெளியே கடைசி வெட்டு. இப்படிச் செய்யாமல் மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டினால் கொப்பு விழும்போது பட்டையை அடிமரம் வரை உரித்துக்கொண்டு போகும். உங்கள் மரத்தில் அப்படி உரிந்த தழும்பு ஒன்று இரண்டாவது படத்தில் தெரிகிறது. வெட்ட வருகிறவரிடம் இந்த மூன்று வெட்டைச் சொல்லிப் பாருங்கள். முகத்தைப் பார்த்தே அவருக்கு வேலை தெரியுமா என்று தெரிந்துவிடும். ஒரு தடவையில் மொத்த இலையில் கால்பங்குக்கு மேல் எடுக்க விடாதீர்கள். வயதான மரத்துக்கு அதைவிடக் குறைவாக எடுப்பது நல்லது.

கரண்டு கம்பிப் பக்கம் ஒருச்சாய்வாக வெட்டியிருப்பதும் படத்தில் தெரிகிறது. ஈபிக்காரர்களையும் குறைசொல்ல முடியாது. மழைக்கு முன் கம்பியை விட்டுக் கொப்பை விலக்கியாக வேண்டும், நேரமும் ஆளும் குறைவு. மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்டை நிறுத்தும் நாள் முன்கூட்டியே தெரியும். பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரைப் பார்த்து, அந்த நாளில் சங்கத்தில் ஒருவர் பக்கத்தில் நிற்க ஏற்பாடு செய்யுங்கள். கம்பியைத் தொடுகிற கொப்பை நடுவில் துண்டிக்காமல், அது பிரிகிற கவட்டை வரை பின்னால் போய் வெட்டச் சொல்லுங்கள். திரும்பத் துளிர்த்துக் கம்பியைத் தொட அதிக நாள் ஆகும், அவர்களுக்கும் அடுத்த வருஷ வேலை மிச்சம். அந்த இடத்தில் மட்டும் உறையிட்ட கேபிள் போடச் சொல்லியும் மனு கொடுக்கலாம். கரண்டு ஓடும்போது கம்பிக்குப் பக்கத்தில் தனியாரை மரத்தில் ஏற்றாதீர்கள், எவ்வளவு அனுபவசாலி என்றாலும்.

இனி அனுமதி விவகாரம். எண் எழுதிய மரம் நெடுஞ்சாலைத்துறையின் கணக்கில் இருக்கிறது. புளி மகசூலை ஏலம் விடுவதும் அந்தக் கணக்கை வைத்துத்தான். ஆகவே உங்கள் சங்கமோ, வார்டு உறுப்பினரோ, உள்ளாட்சி அலுவலகமோ வாய்மொழியாகச் "சரி" என்று சொல்லி அதை வெட்ட முடியாது. பொது இடத்து மரங்களை வெட்டக் கேட்கும் விண்ணப்பங்களைப் பரிசீலிக்க மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்டப் பசுமைக் குழு இருக்கிறது. அனுமதி கொடுத்தாலும் ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று நட வேண்டும் என்ற நிபந்தனை பொதுவாக வரும். பத்துக் கன்று எங்கே நடப்பட்டது, எத்தனை பிழைத்தது என்று பின்னால் யாரும் கேட்பதில்லை என்பதுதான் என் வருத்தம். கர்நாடகத்தில் 1976-லும் டெல்லியில் 1994-லும் மரங்களைப் பாதுகாக்கவென்றே சட்டம் கொண்டுவந்து, அதற்கென்று பொறுப்பான அதிகாரியையும் வைத்தார்கள். நம் நகரத்து மரங்களுக்கும் அப்படி ஒரு முழுச் சட்டம் வர வேண்டும் என்று நான் வெகுநாளாக ஆசைப்படுகிறேன். அது வரும்வரை எழுத்து மூலமான மனுவும் அதன் ரசீதும்தான் நமக்குத் துணை.

மரம் உண்மையாகவே ஆபத்தாக இருந்தால் பசுமைக் குழு கூடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. விழுந்து ஆளுக்குக் காயம் ஏற்படுத்தக்கூடிய மரத்தை அகற்றவோ முட்டுக்கொடுக்கவோ உத்தரவிட நிர்வாக நடுவருக்கு அதிகாரம் உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு. உங்கள் பகுதிக்கு அந்த நடுவர் பத்மநாபபுரம் சார் ஆட்சியர், அவரிடம் மனு கொடுக்க வேண்டும்.

ஓடைக்கு நெடுஞ்சாலைத்துறைக்கும் உள்ளாட்சிக்கும் ஒரே மனுவை எழுதி, திங்கட்கிழமை நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஒரு நகலைக் கொடுத்துப் பதிவு எண் வாங்கிக்கொள்ளுங்கள். மனுவில் மரத்தின் எண், சுற்றளவு, கோடு இருக்கும் தூரம், கேட்கிற தூரம், நான் மேலே சொன்ன மாற்று வழிகள், இவ்வளவு போதும். "இயற்கை அன்னை" என்றெல்லாம் எழுத வேண்டாம். 4 அடி, 9 அடி என்று டேப் வைத்து எடுத்த படம் ஒன்று இருந்தால் பொறியாளரால் அதைத் தள்ளிவைக்க முடியாது. ஓடையின் வரைபடத்தைத் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும்.

பூங்காவுக்கு வருகிறேன். தூங்குமூஞ்சி தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த மரம். நிழலுக்கு அதை மிஞ்ச ஆள் இல்லை, ஆனால் கொப்பு கிடைமட்டமாக நெடுந்தூரம் போய் நுனியில் கனம் சேர்ந்துவிடும். காற்றே இல்லாத நாளிலும் முறிந்து விழக்கூடும். அந்தக் கொப்பை அடியோடு எடுக்க அவசரப்படாதீர்கள். ஊஞ்சலை இந்த வாரமே இடம் மாற்றுங்கள், அது ஒருநாள் வேலை. ஏப்ரல், மே மாதத்தில் நல்ல ஆளை வைத்து அந்தக் கொப்பின் நுனிக்கனத்தைக் குறைத்து, பட்ட கொப்புகளை எடுத்துவிட்டால் போதும். அந்த மரத்தடியில் டைல்ஸ் போடும் திட்டம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். உதிர்ந்த இலையை மூட்டிலேயே கூட்டித் தீ வைக்கிற பழக்கம் இருந்தால் அதையும்.

என்ன நடலாம் என்றால், புளியை வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் ஒக்கியில் போன மரத்தின் இடம் காலியாகத்தானே கிடக்கிறது, அங்கே நடுங்கள். மேலே கரண்டு கம்பி இருந்தால் மந்தாரை போன்ற சிறிய மரம். கம்பி இல்லையென்றால் புங்கு, இலஞ்சி, ஞாவல், மருது, வேம்பு. ஞாவல் பழம் நடைபாதையில் விழுந்து கறையாகும் என்று கடைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், அதைப் பூங்காவுக்குள் வையுங்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் கேட்டால் புன்னையும் பூவரசும் சொல்லுவேன். உப்புக்காற்றைத் தாங்கும். குல்மோகரும் மஞ்சள் பூப்பூக்கும் பெல்ட்டோபோரமும் சீக்கிரம் வளரும், அழகாகவும் இருக்கும். ஆனால் காற்றுக்கு எளிதில் முறியும் மரங்கள், தெருவுக்கு வேண்டாம்.

நடுவதிலும் ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். விழா வைத்து நடுகிற கன்றுகளில் நிறையப் பிளாஸ்டிக் கவரோடே குழிக்குள் போவதைப் பார்த்திருக்கிறேன். கவரைக் கிழித்து எடுத்ததும் உள்ளே வேர் கவரின் வடிவத்துக்கு வட்டமாகச் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். சுற்றியிருந்தால் அந்த வேரைக் கத்தியால் நான்கு பக்கமும் கீறி, விரித்துவிட்டு நடுங்கள். இல்லையென்றால் அந்தச் சுற்று அப்படியே பருத்து, பதினைந்து இருபது வருஷம் கழித்து மரத்தையே நெரிக்கும், இல்லை ஒரு காற்றில் மூட்டோடு பெயரும். ஒரு அடி கன்று பத்தை விட 6 அடி உயரக் கன்று இரண்டு மேல். குழி 3 அடிக்கு 3 அடி. உங்கள் பக்கத்துக்கு ஜூன் மழையோடு நட்டால் அக்டோபர், நவம்பர் மழையும் கிடைத்துவிடும். மற்ற மாவட்டக்காரர்களுக்கு இல்லாத வசதி அது. அடுத்த கோடை ஒன்றை மட்டும் தண்ணீர் ஊற்றித் தாண்டவைத்தால் பிழைத்துக்கொள்ளும்.

கூடவே சங்கத்தில் ஒரு நோட்டு போடுங்கள். தெருவிலும் பூங்காவிலும் உள்ள ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு பக்கம். பெயர், சுற்றளவு, அன்றைய படம், யார் எப்போது எதை வெட்டினார்கள், எந்தப் பக்கம் பள்ளம் தோண்டினார்கள். நீங்கள் டீச்சர், உங்கள் பழைய மாணவர்கள் நாலு பேரைக் கூப்பிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும்.

இப்போதைக்கு, ஜேசிபி வருவதற்குள் இன்டர்லாக் கல்லைப் பெயர்த்து மூட்டை நான்கு பக்கமும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். மேற்குப் பக்கத்தில் மண்வெடிப்போ, மூட்டில் அந்தச் செம்பழுப்புக் காளானோ தெரிந்தால் என் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். மரத்தடியில் வண்டி நிறுத்துவதை அன்றைக்கே தடுத்துவிட்டு, சார் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு போங்கள்.